மேசைமேல் இருந்த சாவி

பேராதனையில், ஹந்தானை மலைச்சாரலை நோக்கிய விடுதி அறையொன்றில், எனது மேசையின் இடப்பக்க மூலையில் ஏறத்தாழ இரண்டு மாத காலம் ஓர் உருக்குத் துண்டு கிடந்தது. பெருவிரலிலும் சற்றுப் பருமனானது. உள்ளங்கையில் வைத்தால் அதன் அளவுக்கு மீறிக் கனத்தது. அதன் ஒரு முனை அறுகோணமாக இருந்தது. மறுமுனையில், மலரிதழ்களை ஒரே கோட்டால் வரைந்தாற்போல, வளைந்து வளைந்து செல்லும் மெல்லிய வரம்பு ஒன்று எழுந்து நின்றது. மலைக்காற்று சாளரத்தின் வழியே புகுந்து விரிவுரைக் குறிப்புகளைக் கலைக்கும் வேளைகளில் நான் அதனைத் தாள்களின் மேல் வைப்பேன். அறையைப் பகிர்ந்துகொண்ட யாழ்ப்பாணத்து நண்பன் ஒருநாள் அதை எடுத்துப் பார்த்து, "உது என்ன சாமான், மச்சான்?" என்று கேட்டான். "கல்லு" என்றேன். இருவரும் சிரித்தோம். கேட்டவனுக்கும் தெரியாது, விடை சொன்னவனுக்கும் தெரியாது. ஆனால், தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இக்கட்டுரையின் தொடக்கம் அந்தச் சிரிப்பிலேயே இருக்கின்றது.

எனது தந்தையார் வாடகைக் கார் ஓட்டுபவர். மாத்தளைக்குக் கிழக்கே, நக்கிள்ஸ் மலைத்தொடரின் அடிவாரத்தில் உள்ள இரத்தோட்டைப் பகுதியில் எங்கள் வீடு இருக்கின்றது. தேயிலைத் தோட்டத்து லயன் அறையில் பிறந்து, தோட்டத்து லொறியில் உதவியாளராய் ஏறி, சாரதி அனுமதிப்பத்திரம் பெற்று, பிறருடைய வான்களைப் பல ஆண்டுகள் ஓட்டி, ஈற்றில் 2018ஆம் ஆண்டு குத்தகைக் கடனில் அவர் தமக்கென ஒரு காரை வாங்கினார். அது ஜப்பானிலே பாவிக்கப்பட்டு இங்கு இறக்குமதியான டொயோட்டா அக்குவா. 2020ஆம் ஆண்டு மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபோதும், 2022இல் எரிபொருளுக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்றபோதும், அந்தக் கார்தான் எங்களுடைய வயல், எங்களுடைய மாடு. எனது விடுதிக் கட்டணமும் நூல்களும் அதன் நான்கு சில்லுகளின் மேலேயே உருண்டு வந்தன என்றால் அது மிகையன்று.

2024ஆம் ஆண்டு தைப்பொங்கலுக்கு வீட்டுக்குச் சென்றிருந்தபோது, காரைக் கழுவித் துடைக்கும் பணி என்னிடம் வந்தது. டிக்கியின் அடியில், ஜக்குக்கும் வீல் ஸ்பனருக்கும் இடையே, கிழிந்துபோன பொலித்தீன் பை ஒன்றில் மேற்சொன்ன உருக்குத் துண்டு கிடந்தது. பையைக் குப்பையில் எறிந்தேன். துண்டைக் கையில் எடுத்தபோது அதன் வளைவுகள் அழகாகத் தோன்றின. அப்பாவிடம் கேட்கலாம் என்று எண்ணிச் சட்டைப்பையில் இட்டுக்கொண்டேன்; கேட்கவில்லை. மறுநாள் அது என்னோடு பேராதனைக்கு வந்துவிட்டது.

அந்தத் துண்டு யாது என்பதை விளக்குமுன், சில்லு எவ்வாறு காரோடு பொருத்தப்படுகின்றது என்பதைச் சொல்லுதல் வேண்டும். அச்சின் முனையிலுள்ள வட்டமான பகுதியிலிருந்து சில புரியாணிகள் வெளியே நீண்டிருக்கும். சில்லின் துளைகளை அவற்றிற் கோத்து, ஒவ்வோர் ஆணியின் மேலும் ஒரு சுரையை முடுக்குவர். பாடநூலில் சுரை எனப்படுவதை எங்கள் ஊரில் எல்லோரும் 'நட்டு' என்றே அழைப்பர். அக்குவாவில் சில்லொன்றுக்கு நான்கு நட்டுகள். அவற்றை 103 நியூற்றன் மீற்றர் அளவான திருப்புவிசையுடன் இறுக்க வேண்டும். அரை மீற்றர் நீளமான கைபிடியின் நுனியில் ஏறத்தாழ 21 கிலோகிராம் பாரத்தைத் தொங்கவிட்டால் உண்டாகும் விசை அதுவாகும். இறுக்கம் குறைந்தால் நட்டு தளரும். மிகுந்தால் ஆணி நீண்டு வலுவிழக்கும். சில்லு காரைச் சுமப்பது நம் கண்ணுக்குத் தெரிகின்றது. அந்தச் சில்லையே பிடித்து வைத்திருப்பவை கைக்குள் அடங்கும் நான்கு நட்டுகள் என்பது தெரிவதில்லை.

சாதாரண நட்டின் தலை அறுகோணமானது. எந்தக் கடையிலும் கிடைக்கும் ஸ்பனர் அதற்குப் பொருந்தும். இரும்புச் சில்லுகளுக்கு அது போதுமாக இருந்தது. அலுமினியக் கலப்பு உலோகத்தால் செய்த பளபளப்பான சில்லுகள் பரவியபோது அவற்றின் விலை திருடர் கண்ணையும் ஈர்த்தது. இரவில் நிறுத்திய கார் விடியும்போது செங்கற்களின் மேல் நிற்கும் காட்சி பல நாட்டு நகரங்களிலும் பழகிப்போயிற்று. அதற்கு மாற்றாக வந்ததே பூட்டு நட்டு. சில்லொன்றில் ஒரு நட்டை மாத்திரம் எடுத்துவிட்டு, அறுகோணத் தலை இல்லாத, உருண்டையான ஒரு நட்டை அங்கே பொருத்துவர். அதன் முகத்தில் வளைந்து செல்லும் பள்ளம் ஒன்று வெட்டப்பட்டிருக்கும். அப்பள்ளத்துக்கு நேர் எதிரான வரம்பை உடைய சிறு துண்டொன்றை அதில் அமர்த்தி, அத்துண்டின் மறுமுனையிலுள்ள அறுகோணத்தில் ஸ்பனரை மாட்டித் திருப்பினால் மாத்திரமே அது கழலும். நான்கு சில்லுக்கும் நான்கு பூட்டு நட்டுகள். நான்குக்கும் சேர்த்து ஒரே ஒரு துண்டு. மூன்று நட்டுகளைக் கழற்றியும் நான்காவது கழலாவிடில் சில்லு அசையாது. எங்கள் காரிலும் ஜப்பானில் இருந்த முதல் உரிமையாளர் இவ்வாறான பூட்டு நட்டுகளைப் பொருத்தியிருந்தார். என் மேசைமேல் கிடந்தது அதன் சாவி.

மார்ச் மாதத்தில் ஒருநாள், விடிவதற்கு வெகு முன்பே, அப்பா பக்கத்து வீட்டு ஆச்சியை ஏற்றிக்கொண்டு கண்டிப் பெரியாஸ்பத்திரிக்குப் புறப்பட்டார். ஆச்சிக்குச் சிறுநீரகம் பழுதுபட்டுவிட்டது. குறித்த நாளில், குறித்த நேரத்தில் சென்று இயந்திரத்தின் மூலம் குருதியைச் சுத்திகரித்துக்கொள்ள வேண்டும். இரத்தோட்டையிலிருந்து மாத்தளைக்கு இறங்கி, அங்கிருந்து ஏ-9 வீதியில் இன்னும் இருபத்தைந்து கிலோமீற்றர் வரை செல்ல வேண்டும். மாத்தளையை அடையுமுன், மழையால் கரை அரிந்திருந்த ஒரு வளைவில், கூரிய கல்லொன்று முன்சில்லின் டயரைப் பக்கவாட்டில் கிழித்துவிட்டது. ஆணி ஏறிய துளையாயின் வெளியிலிருந்தே அடைக்கலாம். பக்கச்சுவர் கிழிந்தால் சில்லையே மாற்ற வேண்டும். அந்த வகைக் கார்கள் பலவற்றில் மாற்றுச் சில்லு இருப்பதில்லை. அப்பா முன்யோசனையுடன் கொழும்பு பஞ்சிகாவத்தையில் ஒன்று வாங்கி வைத்திருந்தார். கைத்தொலைபேசி வெளிச்சத்தில் மூன்று நட்டுகளைத் தளர்த்தினார். நான்காவதற்காகச் சாவியைத் தேடினார். டிக்கியில் இருந்த யாவற்றையும் வீதியோரத்தில் பரப்பித் தேடினார்.

அந்த வேளையில்தான் எனது தொலைபேசி ஒலித்தது. அரைத்தூக்கத்தில் எடுத்தேன்.

"தம்பி, கார்ல இருந்த சாவிய நீ எடுத்தியாப்பா?"

"சாவியா? நான் சாவி ஒண்ணும் எடுக்கலப்பா."

நான் பொய் சொல்லவில்லை. சாவி என்றால் என் மனத்தில் எழுந்த உருவம் வேறு. தட்டையாய், பல்வரிசையுடன், வளையத்தில் தொங்குவது. இரண்டு முழத் தொலைவில், சங்ககாலம் பற்றிய குறிப்புகளின் மேல் அமர்ந்திருந்த பொருளுக்கு அந்தப் பெயர் உண்டென்று எனக்குத் தெரியாது. "சரி, தூங்கு" என்று அப்பா தொலைபேசியை வைத்தார். நானும் தூங்கினேன்.

அடுத்து நிகழ்ந்தவற்றைப் பின்னர் அறிந்தேன். ஆச்சி ஒரு பெட்டிக்கடையின் தாழ்வாரத்தில், குளிரில், முக்கால் மணிநேரம் பலகையில் உட்கார்ந்திருந்திருக்கின்றார். முச்சக்கரவண்டி ஒன்று கிடைத்து, மாத்தளை சென்று, அங்கு வேறு வாகனம் பிடித்துக் கண்டியை அடைந்தபோது அவரது நேரம் கடந்துவிட்டது. பிற்பகல்வரை காத்திருந்தே சிகிச்சை பெற்றார். உயிருக்கு ஆபத்து நேரவில்லை. ஆனால் நேர்ந்திருக்கலாம்.

அப்பா காருடனேயே நின்றார். சாவியை மகன் எடுக்கவில்லை; அப்படியாயின் கடைசியாக அதைத் தொட்டவர் யார்? முந்தின டிசம்பரில் பின்சில்லு டயர்கள் இரண்டையும் மாற்றிய டயர்க்கடை நானாதான். டயர்க்கடைகளில் சாவி நட்டோடேயே மறந்து விடப்படுவதும், வேறு வண்டிக்குப் போய்விடுவதும் நடவாத காரியங்கள் அல்ல. அப்பா அவரைத் தொலைபேசியில் அழைத்துக் கடுமையாகப் பேசினார். "கையிலதானே தந்தேன், அண்ணன்" என்று நானா சொன்னாராம். அப்பா நம்பவில்லை. பன்னிரண்டு ஆண்டுப் பழக்கத்தில் முதன்முறையாக அவரைப் பொறுப்பற்றவர் என்று சொல்லிவிட்டார். நானா மறுமொழி கூறாமல், கருவிகளை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு ஏழு மணிக்கெல்லாம் அந்த வளைவுக்கு வந்தார். பூட்டு நட்டின் வட்டத்திலும் சற்றுச் சிறிதான குழிச்சாவி ஒன்றைச் சுத்தியலால் அதன்மேல் அறைந்து இறுக்கி, நீண்ட குழாயை மாட்டித் திருப்பிக் கழற்றினார். மாற்றுச் சில்லைப் பூட்டினார். கூலி வாங்கவில்லை. "மத்த மூணையும் சனிக்கிழம கடைக்கு கொண்டாங்க. இல்லாட்டி இன்னொரு நாளைக்கும் இதே கததான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்தச் சனிக்கிழமை நான் வீட்டில் இருந்தேன். அப்பாவோடு கடைக்குச் சென்றேன். இருவரும் வழக்கம்போல் பேசிக்கொள்ளவில்லை. நானா வேலையில் இறங்கினார். இரண்டாவது நட்டு முதலாவதைப் போலவே வந்தது. மூன்றாவதில் குழிச்சாவி வழுக்கியது. அப்போது அவர் பெட்டியிலிருந்து வேறொரு கருவியை எடுத்தார். அதன் உட்சுவரில் இடப்புறமாகச் சுழலும் கூரிய பற்கள் இருந்தன. நட்டைக் கழற்றும் திசையில் திருப்பத் திருப்ப அப்பற்கள் உலோகத்தை மேலும் மேலும் கடிக்கும். நான்காவது நட்டு அதற்கும் இணங்கவில்லை. அதன்மேல் பழைய நட்டொன்றை ஒட்டுவைத்து, ஆறவிட்டு, ஸ்பனரால் திருப்ப வேண்டியதாயிற்று. ஈரத்துணியைச் சுற்றி எவ்வளவு பாதுகாத்தும், சில்லின் பளபளப்பில் வெப்பத்தின் பழுப்பு வடு விழுந்துவிட்டது. அப்பா அதை விரலால் தடவிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

கழற்றிய நட்டுகளைத் தகரத் தட்டில் போட்டிருந்தார்கள். குனிந்து பார்த்தேன். இரண்டு நட்டுகள் முகம் சிதைந்திருந்தன. மூன்றாவதன் முகம் மாத்திரம் ஓரளவு முழுமையாய் இருந்தது. அதில் மலரிதழ்களை ஒரே கோட்டால் வரைந்தாற்போல் ஒரு பள்ளம்.

உடல் குளிர்ந்துபோயிற்று என்று கதைகளிற் படித்ததுண்டு. அது வெறும் அலங்காரமன்று என அன்று அறிந்தேன். அப்போதே சொல்லியிருக்கலாம். அப்பா பக்கத்தில் நின்றார். நானா எதிரில் நின்றார். ஒரு வாக்கியம் போதுமாயிருந்தது. நான் அந்த நட்டை எவருமறியாமல் எடுத்துச் சட்டைப்பையில் இட்டுக்கொண்டேன். ஒரே குற்றத்தை இரண்டாம் முறை செய்தேன் என்றே சொல்ல வேண்டும். முதன்முறை அறியாமையால் எடுத்தேன்; இம்முறை அச்சத்தால் எடுத்தேன்.

ஞாயிறு மாலை விடுதி அறையில், கதவைச் சாத்திவிட்டு, இரண்டையும் மேசைமேல் வைத்தேன். வரம்பு பள்ளத்தைத் தேடி ஒரு கணம் தடுமாறியது. பின்பு 'கிளிக்' என்று அமர்ந்துகொண்டது. அந்தச் சிறு ஓசைக்குப் பிறகு ஐயத்துக்கு இடமே இல்லை.

மூன்று வாரங்கள் நான் பேசாதிருந்தேன். குற்றவுணர்வைப் படிப்பாக மாற்றிக்கொள்ளுதல் எங்களைப் போன்றோர்க்கு எளிது. நூலகத்தில் பூட்டுகளைப் பற்றித் தேடிப் படித்தேன். இலண்டன் நகரில் ஜோசப் பிராமா என்பவர் தாம் செய்த பூட்டொன்றைக் கடைச் சாளரத்தில் வைத்து, அதனைத் திறப்போர்க்கு இருநூறு கினி பரிசு என அறிவித்திருந்தார். அரை நூற்றாண்டுக்கு மேலாக எவராலும் திறக்கப்படாத அப்பூட்டை, 1851ஆம் ஆண்டுப் பெருங் கண்காட்சிக்கு வந்த அமெரிக்கரான ஹொப்ஸ், பல நாட்களில் மொத்தமாக 51 மணிநேரம் முயன்று திறந்தார். 1883இல் கெர்க்கோஃப்ஸ் என்னும் மொழியியலறிஞர், இரகசிய எழுத்துமுறை பற்றி எழுதுகையில், பொறிமுறை பகைவர் கையில் அகப்பட்டாலும் கேடு வராதிருத்தல் வேண்டும். காக்கப்பட வேண்டியது திறவுகோல் ஒன்றே என்னும் கருத்தை வலியுறுத்தினார். இவற்றைப் படித்தபோது, பூட்டு நட்டைப் பற்றியும் ஓர் உண்மை தெளிவாயிற்று. அதன் வடிவங்கள் எண்ணிலடங்காதவை அல்ல. உரிய கருவியுள்ளவன் எந்தப் பூட்டு நட்டையும் கழற்றுவான் என்பதை நானாவின் கடையில் கண்ணாரக் கண்டேன். எனவே அது திருடனை என்றென்றைக்கும் தடுப்பதன்று. அவனுக்குச் சில நிமிடங்களைக் கடினமாக்குவதே அதன் தொழில். ஓசையும் நேரமும் திருடனுக்குப் பகை. ஆனால் இருளில், மழையில், நோயாளியுடன் நிற்கும் உரிமையாளனுக்கும் அவையே பகை. சாவி இல்லாத வேளையில் பூட்டுக்கு உரியவன், திருடன் என்ற வேறுபாடு தெரியாது.

இவ்வளவும் அறிந்தேன். அறிந்தும் பேசவில்லை. ஏனெனில் அறிவு என்னுடைய இடரைத் தீர்க்கவில்லை. அதைத் தள்ளிப்போட மாத்திரமே உதவியது.

சொல்லைப் பற்றியும் எண்ணினேன். யாழ்ப்பாணத்து நண்பன் 'திறப்பு' என்பதையே நாங்கள் 'சாவி' என்கிறோம். சாவி போர்த்துக்கேயரோடு வந்த சொல். அதன் வடிவம் மாத்திரம் நமக்குப் பழக்கம். திறப்பு என்பதோ செயலைக் குறிக்கும் பெயர்: எது திறக்கின்றதோ அது திறப்பு. அன்று அதிகாலையில் அப்பா, "திறப்பு" என்று கேட்டிருந்தால், "எதைத் திறக்க?" என்று நான் திருப்பிக் கேட்டிருப்பேனோ? இவ்வாறு எண்ணி மனத்தை ஆற்றிக்கொள்ள முயன்றதுண்டு. அது வீண் சாட்டு. பழி சொல்லின் மேலன்று. பெயர் தெரியாத பொருளைப் பெயர் கேளாமலே அழகுக்காக எடுத்து வைத்துக்கொண்டவன் மேலேயே அது இருக்கின்றது.

ஏப்ரலில் சித்திரைப் புத்தாண்டுக்கு வீட்டுக்குச் சென்றேன். இரவு உணவின் பின், சாவியையும் நட்டையும் அப்பாவின் முன் பாயின்மேல் வைத்தேன். முழுவதையும் சொன்னேன், தட்டிலிருந்து நட்டை எடுத்ததையும் மறைக்கவில்லை. அவர் சாவியை எடுத்து, வரம்பை நகத்தால் வருடியவாறு நெடுநேரம் இருந்தார். பின்பு, நான் அதுவரை கேட்டறியாத ஒரு செய்தியைச் சொன்னார்.

1964ஆம் ஆண்டு ஒக்டோபரில் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. மலையகத் தமிழருள் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று இரு அரசுகளும் பங்கிட்டன. எஞ்சிய 150,000 பேரின் கதி பின்னொரு ஒப்பந்தத்துக்கு விடப்பட்டது. அந்தக் கணக்கில் எங்கள் தாத்தா இந்தப் பக்கமும், அவருடைய அண்ணன் அந்தப் பக்கமும் விழுந்தனர். எழுபதுகளில் பெரிய தாத்தா குடும்பத்தோடு மாத்தளையில் ரயிலேறி, தலைமன்னார் சென்று, கப்பலில் இராமேஸ்வரத்தை அடைந்து, ஈற்றில் நீலகிரியில் கோத்தகிரிப் பக்கம் குடியேறினார். இரு குடும்பத்துக்கும் பொதுவாக ஒரு தகரப்பெட்டி இருந்தது. பெட்டி தம்பிக்கு என்று விட்டுச் சென்றார். ஆனால் அதன் சாவி அவருடைய அரைஞாண் கயிற்றிலேயே கடல் கடந்துவிட்டது.

"கடுதாசி போட்டாரு. சாவி இடுப்போட வந்திருச்சு, பூட்ட ஒடச்சிக்கன்னு. தாத்தா ஒடைக்கல. அண்ணன் வந்து தொறக்கட்டும்னு வச்சிருந்தாரு. வரவே இல்ல. தாத்தா செத்த பிறகு நான்தான் ஒடச்சேன். உள்ள ஒண்ணும் இல்ல. ரெண்டு பழைய சீல, அரிசிக் கூப்பன் பொத்தகம், அவங்க அம்மாவோட ஒரு போட்டோ."

சற்றுப் பொறுத்து, "உங்க பெரிய தாத்தாவும் வேணும்னு கொண்டுபோகல" என்றார்.

அவர் என்னைக் கண்டிக்கவில்லை. கண்டித்திருந்தால் எளிதாக இருந்திருக்கும். விளக்கை அணைக்கும்போது மாத்திரம், "நாளைக்கு நானாவ பாக்கணும். நான் பேசினது ரொம்பத் தப்பு" என்றார். தவறு செய்தவன் நான். ஆனால் அதன் கனத்தை அவர் தம் தோளிலும் ஏற்றிக்கொண்டார்.

மறுநாள் காலை இருவரும் சென்றோம். நானா டயரொன்றைத் தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்திக் குமிழி பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா சாவியை அவர் கையில் வைத்து, "பையன் கிட்டதான் இருந்திருக்கு, நானா. நான் வாய்க்கு வந்தபடி பேசிட்டேன்" என்றார். நானா சாவியைத் திருப்பிப் பார்த்தார். பின்பு என்னைப் பார்த்தார். "மகன், கெம்பஸ்ல இதால என்ன செஞ்சீங்க?" என்று கேட்டார். "தாள் பறக்காம வச்சிருந்தேன்" என்றேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். அப்பாவும் சிரித்தார். மூன்று பிளேன்டீ வரவழைக்கப்பட்டது. அன்றைக்குத்தான் அவர் ஒன்றைச் சொன்னார். அப்பா தொலைபேசியில் பேசிய அன்றிரவு, தாம் கடையிலுள்ள பெட்டிகள் அனைத்தையும் கவிழ்த்துத் தேடியதாகவும், ஒருவேளை தம்மிடம்தான் தவறியதோ எனத் தம் நினைவையே ஐயுற்றதாகவும் சொன்னார். ஒருவர் தமது நேர்மையையே ஐயுறும்படி செய்துவிட்டேனே என்பதுதான் இன்றுவரை என்னை உறுத்துவது. சில்லில் விழுந்த வடுவை மெருகிட்டு மறைக்கலாம்.

நானா அன்று கூறியவற்றை, கார் வைத்திருப்போர்க்கும் வைத்திருக்கப்போவோர்க்கும் பயன்படும் என்பதால் இங்கு தருகின்றேன். பூட்டு நட்டின் சாவி எப்போதும் வீல் ஸ்பனர் இருக்கும் இடத்திலேயே இருத்தல் வேண்டும். அதனோடு வரும் அட்டையில் ஓர் எண் இருக்கும். சாவி தொலைந்தால் அந்த எண்ணைக் கொண்டே மாற்றுச் சாவி பெறலாம் என்பதால், அட்டையைக் காரில் வையாது வீட்டில் வைத்தல் நன்று. காற்றுத் துப்பாக்கியால் பூட்டு நட்டைத் திருப்ப விடலாகாது. அதன் அதிர்ச்சியில் மெல்லிய வரம்பு நொறுங்கும். மக்கார்ட் போன்று இவற்றைச் செய்யும் நிறுவனங்களும் கைக்கருவியையே பாவிக்குமாறு அறிவுறுத்துகின்றன. கழற்றும்போது பூட்டு நட்டை முதலிலும், பூட்டும்போது இறுதியிலும் திருப்ப வேண்டும். சில்லு நிலத்தில் ஊன்றியிருக்கும்போதே நட்டுகளைத் தளர்த்திவிட்டுப் பின்பு ஜக்கை உயர்த்த வேண்டும். இறுக்கும்போது ஒன்றுக்கு எதிரானதென்ற முறையில் இறுக்கி, ஐம்பது முதல் நூறு கிலோமீற்றர் ஓடிய பின் மீண்டும் இறுக்கம் பார்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, "வீட்டுல உள்ள எல்லாருக்கும் அத காட்டி, இதுதான் சாவின்னு சொல்லி வைக்கணும்" என்றார். இந்தக் கடைசி விதியை எந்தக் கைந்நூலிலும் நான் காணவில்லை.

எங்கள் காரில் இப்போது பதினாறும் சாதாரண நட்டுகளே. அந்தச் சாவி திறப்பதற்கு இவ்வுலகில் எதுவும் இல்லை. நான் வைத்திருக்கும் சிதைந்த நட்டொன்றைத் தவிர. இரண்டும் மீண்டும் என் மேசைமேல் இருக்கின்றன. நண்பன் இப்போது "உது என்ன?" என்று கேட்பதில்லை, அவனுக்கு முழுக்கதையும் தெரியும். நாம் இங்கு ஆண்டுக்கணக்காகப் பல பொருள்களைப் பயில்கின்றோம். அவற்றுட் சில எங்கோ ஒரு வீட்டில், ஒரு வீதியோரத்தில், யாரோ தேடிக்கொண்டிருக்கும் சாவிகளாக இருத்தல் கூடும். நாமோ அவற்றைத் தாள் பறவாமற் காக்கும் பாரமாக வைத்திருக்கின்றோம். இவ்வாறு எழுதும்போது இது பெரிய பேச்சாகத் தோன்றலாம். ஆயினும் அந்த மூன்று வாரங்களில் நான் கற்றது இதுவே.

இன்னும் ஒருவர் எஞ்சியிருந்தார். புத்தாண்டு விடுமுறை முடிந்து புறப்படுமுன் பக்கத்து வீட்டு ஆச்சியிடம் சென்று, அன்று அவர் குளிரில் உட்கார நேர்ந்தமைக்குக் காரணம் நான்தான் என்று சொன்னேன். பூட்டு நட்டு, சாவி என்று நான் விளக்கியவை அவருக்கு விளங்கினவா என்பது தெரியவில்லை. ஊசித் தழும்புகள் ஏறிய கையால் என் கையைப் பற்றிக்கொண்டு, "அன்னைக்கு அந்தக் கடக்காரப் பொண்ணு சுடுதண்ணி குடுத்துச்சு, சாமி. நல்ல புள்ள" என்றார். பின்பு, "படிப்பு எப்ப முடியுது?" என்று கேட்டார்.

"அடுத்த வருஷம், ஆச்சி" என்றேன்.

"நல்லா படி" என்றார். கையை உடனே விடவில்லை.